பீடோங்கில் ஐந்து நாள்: மழைமானி, மழைப் புத்தகம், கடல்

அக்டோபர் 9, வியாழன். பீடோங்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங்குக்குப் பழைய சாலையில் கால் மணி நேரம் போதும். இன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மாலை நான்கு மணிப் பேருந்து வரவில்லை. வாடகைக் காருக்கு 18 வெள்ளி (ரிங்கிட்). பாதி வழியில் மழை பிடித்தது. கண்ணாடித் துடைப்பான் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு தெரியவில்லை. ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டார். அவசரப்படுத்தாத மனிதர். நின்ற நேரத்துக்குக் காசும் கேட்கவில்லை.

பீடோங் ஒரு நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் கடைவரிசை, கடைகளுக்குப் பின்னால் கொஞ்சம் வீடுகள், அதற்கப்புறம் செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கும் பனை. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க பால்மரமாக, அதாவது ரப்பர் மரமாக, இருந்தது. வடமேற்கே ஜெராய் மலை. இன்று மலை இருந்த இடத்தில் கருமேகம் மட்டும்.

தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள். ஐந்தடியில், கடை முன் நடைபாதையில், முறுக்கு மேசைகள் வந்துவிட்டன. ஒரு டப்பா 15 வெள்ளி, அச்சு முறுக்கு 18. தூறல் தொடங்கியதும் அந்த அக்கா முதலில் செய்த காரியம், திறந்திருந்த டப்பாவை இறுக மூடி, விளிம்பில் செலோடேப் ஒட்டியது. “மழைக்காத்து பட்டா அரை மணியில நமுத்துடும் தம்பி” என்றார். காற்றின் ஈரப்பதத்தை அளக்கக் கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆறு மணிக்குக் கைபேசியில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை வந்தது. இந்த எச்சரிக்கைகளில் இரண்டு வகை உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இடிமழை எச்சரிக்கை குறுகிய நேரத்துக்கானது: மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய இடிமேகம் தெரிந்தால் கொடுப்பது, அதிகம் போனால் ஆறு மணி நேரம். தொடர்மழை எச்சரிக்கை வேறு. அதற்கு மூன்று படி: ‘வஸ்பாடா’, ‘பூரோக்’, ‘பஹாயா’. விழிப்பு, மோசம், ஆபத்து; நிறத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வெள்ளத்துக்குப் பயந்து சாமான்களை மேலே தூக்கிவைக்க வேண்டியது இரண்டாவது வகைக்கு. முதல் வகைக்கு, திடலை விட்டு வீட்டுக்குள் போனால் போதும்.

கெடாவுக்கு இது மழைக் காலத்தின் உச்சம். கிழக்குக் கரைக்கு நவம்பர் முதல் வெள்ளம் என்றால், இங்கே ஏப்ரல்–மே ஒரு முறை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரு முறை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் காற்று ஓய்ந்து கிடக்கும்போது பகல் வெயிலில் தரை சூடேறி, கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து ஜெராய் மலையில் மோதி மேலே ஏறும். மதியம் மேகம், மாலை இடி. ஜனவரி பிப்ரவரியில் வந்தால் இதே ஊர் காய்ந்து, பால்மரம் இலையுதிர்த்து நிற்கும்.

இரவு உணவு தோசை, மீன் குழம்பு, தே தாரே: 7 வெள்ளி 50 காசு. குழம்பில் புளி தூக்கல்.

அக்டோபர் 10, வெள்ளி. தோட்டத்து மழைமானி

காலை ஏழரைக்கே தோட்ட அலுவலக வாசலில் ஓய்வு பெற்ற கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) காத்திருந்தார். வேலையை விட்டுப் பல ஆண்டு ஆகியும் மழைப் புத்தகம் எழுதுகிற பொறுப்பை அவர் விடவில்லை. “எட்டுக்கு ரெண்டு நிமிஷம் முன்ன போவோம், எட்டுக்குப் படிப்போம்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

எட்டு மணிக்குக் காரணம் உண்டு. உலகமெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே நொடியில் அளக்க வேண்டும் என்பதற்காகக் கிரீன்விச் நள்ளிரவு ஒரு பொது நேரம். அது இங்கே காலை எட்டு. ஆனால் இந்தத் தீபகற்பத்தின் கடிகாரம் பல முறை நகர்ந்திருக்கிறது. 1905 முதல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னே, 1933-இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941-இல் ஏழரை, 1942-இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், ஒன்பது, 1945-இல் மறுபடி ஏழரை, 1982 ஜனவரி 1 முதல் எட்டு. பழைய புத்தகத்தில் ‘காலை 8’ என்று எழுதியிருந்தால் அது எந்த ஆண்டின் எட்டு என்று பார்க்க வேண்டும். இரவு மழை விடியும்வரை நீண்ட நாட்களில், அரை மணி நேர வித்தியாசம் ஒரு நாளின் மழையை அடுத்த நாள் கணக்கில் தள்ளிவிடும்.

மழைமானி அலுவலகத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள். செம்பு உருளை, வாய் 5 அங்குலம். உள்ளே புனல், புனலுக்கடியில் போத்தல். படிக்கும் முறை இது: புனலைத் தூக்கி, இலை, பூச்சி, எறும்புக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது, போத்தல் நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றுவது, கண்ணாடியைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, நீரின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைப் படிப்பது. நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் கூடும். பத்து மில்லிமீட்டர் கண்ணாடி என்பதால் இன்று ஐந்து முறை ஊற்ற வேண்டியிருந்தது: 10, 10, 10, 10, 1.6. மொத்தம் 41.6. ஒவ்வொன்றையும் பென்சிலால் எழுதிய பிறகே நீர் கீழே கொட்டப்பட்டது. கடைசி ஊற்றை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை வைத்திருந்தார்.

கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது? பெரும்பாலான தவறு இங்கேதான் பிறக்கிறது. கடையில் கிடைக்கிற வேறு கண்ணாடியை வாங்கி வைத்துவிடுவார்கள். அளவுக் கண்ணாடி மானியின் வாய்க்கு ஏற்றபடி கோடு போடப்பட்டது. 5 அங்குல வாயின் பரப்பு 126.7 சதுர சென்டிமீட்டர். 1 மில்லிமீட்டர் மழைக்கு 12.7 மில்லிலிட்டர் நீர் சேரும். 8 அங்குல மானியில் அதே மழைக்கு 32.4 மில்லிலிட்டர். 5 அங்குல மானியின் நீரை 8 அங்குலக் கண்ணாடியில் ஊற்றினால் இன்றைய 41.6, பதினாறை மட்டும் சற்றுத் தாண்டும். யாரும் கவனிக்காமல் ஒரு தோட்டம் ஓராண்டில் பாதிக்கு மேல் மழையை இழந்துவிடும். சரியான கண்ணாடி வரும்வரை சமையல் தராசு போதும்: நீரின் எடையை கிராமில் நிறுத்து 12.7-ஆல் வகுத்தால் மில்லிமீட்டர்.

மற்ற தவறுகளையும் அவர் புத்தகத்தைத் திறந்தே காட்டினார். பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு. யாரும் படிக்காத நாளில் ‘0’ போட்டால் அது பொய். கோடு போட வேண்டும். இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் படித்தால், அந்த எண் மூன்று நாள் மொத்தம் என்று அடைப்பு போட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் வெள்ளம் வந்ததாக ஆகிவிடும். ஒரு பக்கத்தில் மாதம் முழுக்க எண்கள் 5-இலும் 0-விலும் மட்டும் முடிந்தால், அது அளந்ததில்லை, ஊகித்தது. இன்று காலை படித்த மழையில் பெரும்பகுதி நேற்று மாலை பெய்தது. அதை எந்தத் தேதிக்கு எதிரே எழுதுவது என்பதில் ஒரு புத்தகத்துக்குள்ளேயே ஒரே வழக்கம் இருக்க வேண்டும். ஆள் மாறும்போது வழக்கமும் மாறிய பக்கங்களைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார்.

தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? பால்மரம்தான் காரணம். விடிவதற்கு முன்பே வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்கப் பரவி வழியும். மரத்தில் கட்டிய மங்கில் சேர்ந்ததும் மழைநீரோடு கழுவிப் போகும். அதனால் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் தண்டல் (மேற்பார்வையாளர்) முதலில் பார்த்தது வானத்தை, அடுத்தது பட்டையை. உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஈரம் ஒட்டினால் காத்திருப்பு. மே முதல் அக்டோபர் வரை சுமாத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் புயல்வரிசை, மேற்குக் கரையில் சரியாக வெட்டு நேரத்தில்தான் வந்து சேரும். எத்தனை நாள் வெட்டு நின்றது என்பதற்கு மழைப் புத்தகம்தான் சாட்சி. வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாளாக இருந்த காலத்தில், லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) குடும்பங்களின் அடுப்பு இந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. செம்பனைக்கு வந்த பிறகும் தேவை போகவில்லை. இந்த ஆண்டு காய்ந்தால் குலை குறைவது ஓராண்டு, ஈராண்டு கழித்துத்தான் தெரியும்; அப்போது திரும்பிப் பார்க்கப் பழைய எண் வேண்டும்.

அலமாரியில் இருந்த மிகப் பழைய புத்தகம் அங்குலக் கணக்கில். 1.37 என்றால் 34.8 மில்லிமீட்டர். கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. எண்கள் தப்பித்துவிட்டன.

மதியம் வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளி, நண்டு தனியாக 14. ரசம் கேட்கக் கேட்க ஊற்றினார்கள்.

அக்டோபர் 11, சனி. மழையில் முடங்கிய நாள்

கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. தலைநகரிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய வரைபட நகல் எடுக்கச் சுங்கை பட்டாணிக்குப் போனால் அரசு அலுவலகக் கதவு பூட்டு. போக வர 36 வெள்ளி வீண். ஞாயிறு திறந்திருக்கும்.

ஜெராய் மேலே போகலாம் என்றால் மலையடிவாரத்திலிருந்தே பனிமூட்டம். திரும்பி, ஒட்டுக்கடையில் மழை விடும்வரை இருப்பு. ரொட்டி சானாய் 1 வெள்ளி 70, தே ஓ 1 வெள்ளி 50. கிராணியாரும் வந்து சேர்ந்தார். பேச்சு, இந்த எண்களை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் எப்படி வந்தது என்பதற்குப் போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் (பிரிட்டிஷார் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) மழை அளந்தது மருத்துவத் துறை. மழைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று நம்பினார்கள்; மருத்துவமனை வளாகத்தில் மழைமானி இருந்தது. தனித் துறை பிறந்தது 1929-இல்: மலாயா வானிலைச் சேவை, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு. போர்க்காலத்தில் பல நிலையங்களின் பதிவில் நான்கைந்து ஆண்டு ஓட்டை. சுதந்திரத்துக்குப் பிறகு 1958-இல் நாடு உலக வானிலை அமைப்பில் சேர்ந்தது. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்ததும் சேவையும் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்துத் தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில். ‘காஜிச்சுவாச்சா’ என்ற மலாய்ப் பெயர்தான் தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் வருகிறது. துறை பெயர் மாறிப் பல காலம் ஆகிவிட்டது.

பெரிய நிலையங்கள் விமான நிலையங்களில் இருக்கின்றன. வடக்கே அலோர் ஸ்டாரில் ரேடாரும் உண்டு. ஆனால் மழை இடத்துக்கு இடம் மாறும். பீடோங்கில் கொட்டும்போது பக்கத்து மெர்போக்கில் வெயில் அடிக்கும். இடைவெளியை நிரப்பியது தோட்டங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற துணை நிலையங்களின் மாதாந்திர அட்டை. நாட்டின் உச்ச வெப்பமான 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9 அன்று, அப்போது கரும்புத் தோட்டத்துக்குப் பேர்போன பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது.

இது இங்கே மட்டும் நடந்த கதை இல்லை. மழையும் கடலும் அரசாங்கத்துக்குள் நுழைந்த வழி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் கடலோர அளவை 1807-இல் தொடங்கியது. வானிலை 1870-இல் ராணுவத்தின் சமிக்ஞைப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது: அவர்களிடம்தான் தந்தியும், சொன்ன நேரத்துக்கு எழுந்து படிக்கிற கட்டுப்பாடும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று 24 நிலையங்கள் ஒரே நேரத்தில் அளந்து தந்தி அடித்தன. 1891-இல் விவசாயத் துறைக்கு மாறியது, 1940-இல் வணிகத் துறைக்கு. மீன்வள ஆணையம் 1871-இல் தனியாகப் பிறந்திருந்தது. இந்த மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து நோவா என்ற நிறுவனம் உருவானது 1970 அக்டோபர் 3-இல். இந்தியாவில் 1864 கல்கத்தா புயலும், அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்ததும் சேர்ந்துதான் 1875-இல் வானிலைத் துறையைக் கொண்டுவந்தன. அதற்கும் முன்னோடி சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகம், 1792. அங்கிருந்த கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு பொறித்தார்கள். கிராணியார் இதைக் கேட்டதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “தமிழ்லயா?” என்று இரண்டு முறை கேட்டார்.

மாலை ஆறு மணிக்கு மழை விட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு. கோத்தா கோலா மூடா

கடற்கரை இங்கிருந்து தென்மேற்கே. வழி முழுக்க முதலில் செம்பனை, பிறகு வயல். நிலம் தட்டை. மூடா ஆறு கடலில் விழும் இடத்தில் வடகரை கெடா, தென்கரை பினாங்கு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கே ஏறியது. நாட்டில் இறந்தவர்கள் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். கோத்தா கோலா மூடாவில் அன்று சிதைந்த மீன்பிடிப் படகுகளையே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பலகைகள் பிளந்திருக்கின்றன, பெயிண்ட் இன்னும் தெரிகிறது. வெயில் சுள்ளென்று அடித்தது. பார்க்க வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நேரக் கணக்கைப் பாருங்கள். எல்லாம் மலேசிய நேரம். காலை 8.59-க்கு சுமாத்ராவுக்கு மேற்கே நிலநடுக்கம். பதினைந்து நிமிடத்தில் ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கை வெளியிட்டது. அந்த மையம் 1946 ஏப்ரல் 1 பேரலைக்குப் பிறகு, 1949-இல் தொடங்கப்பட்டது. இன்று நோவாவின் கீழ் இருக்கிறது. முதல் மதிப்பீடு 8.0, உண்மையில் 9.1. அறிக்கை பசிபிக் நாடுகளுக்கானது. பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்றது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒரு மையமே கிடையாது. 11.35-க்கு, அதாவது இந்திய நேரம் 9.05-க்கு, சென்னைத் துறைமுகத்துக் கடல்மட்ட அளவியில் அலை பதிவானது. நாகப்பட்டினத்தில் ஊர்கள் அழிந்துகொண்டிருந்தன. இங்கே அலை வந்தது மதியம் ஒரு மணியை ஒட்டி.

பினாங்கைவிடச் சென்னை மையப்புள்ளியிலிருந்து மூன்று மடங்குக்கும் மேல் தூரம். ஆனாலும் அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக. காரணம் ஆழம். சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழ வங்கக் கடலில் மணிக்கு 710 கிலோமீட்டர், விமான வேகம். 50 மீட்டர் ஆழ நீரிணையில் 80, பேருந்து வேகம். அதோடு அலை சுமாத்ராவின் வடமுனையைச் சுற்றி வர வேண்டியிருந்தது.

நான்கு மணி நேரம் இருந்தது. தமிழ்நாட்டில் கரை ஏறிய பிறகும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்தக் கரையில் அன்று ஞாயிறு; பினாங்கில் பிள்ளைகள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கத்தை அளக்கும் கருவி நம் வானிலைத் துறையிடம் இருந்தது. கடல்மட்ட அளவிகளும் நில அளவைத் துறையிடம் இருந்தன, ஆனால் அவை நில அளவைக்காக வைத்தவை. அதிர்வை அளந்தவர், கடலை அளந்தவர், கரையில் நின்றவர் மூவரையும் இணைக்கிற கயிறு இல்லை. இதை எழுதும்போது கை கனக்கிறது.

அதற்குப் பிறகுதான் தேசிய சுனாமி முன்னெச்சரிக்கை முறை வந்து வானிலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நில அதிர்வு நிலையங்களைக் கூட்டினார்கள், கரையோரங்களில் கடல்மட்ட அளவியும் சைரனும் வைத்தார்கள். இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. ஆழ்கடல் மிதவைகளின் வேலையும் மழைமானியின் வேலை மாதிரிதான்: கடலடியில் உட்கார்ந்த கருவி தன் தலைக்கு மேலுள்ள நீரின் எடையை 15 விநாடிக்கு ஒரு முறை அளக்கிறது, எதிர்பார்த்ததைவிட 3 சென்டிமீட்டர் மாறினால் ஒலி மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்கிறது, அது செயற்கைக்கோளுக்கு. நடுக்கடல் சுனாமியின் உயரம் அவ்வளவு குறைவு, படகில் இருப்பவருக்கே தெரியாது. கெட்டுப்போவதும் மழைமானி மாதிரிதான்: மின்கலம் தீரும், நங்கூரக் கயிறு அறும், மீன் சேர்கிறது என்று படகுகள் மிதவையில் கட்டிப்போட்டு உடைக்கும்.

கரையில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். நிற்க முடியாத அளவு நிலம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். இங்கே மேடு இல்லாததால் உள்நாட்டுப் பக்கம் போவது, முடியாவிட்டால் வலுவான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. முதல் அலை பின்வாங்கியதும் மீன் பொறுக்க இறங்கக் கூடாது. அடுத்தது பெரிதாக இருக்கலாம். அறிவிப்பு வரும்வரை பல மணி நேரம் திரும்பக் கூடாது.

ஆற்றின் தென்கரையில் ‘பசார் பிசிக்’, கிசுகிசுச் சந்தை. படகு வந்ததும் மீனைக் கூடையில் கொட்டுகிறார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஏலக்காரர் காதில் விலையைச் சொல்கிறார்கள். அடுத்தவர் சொன்னது யாருக்கும் தெரியாது. அதிக விலை சொன்னவருக்குக் கூடை. சத்தமே இல்லாத ஏலம். தோற்றவர் முகம் சுளிப்பதும் இல்லை, அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுகிறார். பக்கத்துக் கடையில் வாழையிலையில் சுட்ட மீன், புளி-மிளகாய் நீரோடு: இரண்டு பேருக்கு 34 வெள்ளி.

மாலை ஐந்துக்குத் தோட்டத்தில் இன்னொரு வேலை நடந்தது. வெள்ளியன்றே கண்ணில் பட்ட ஒன்று: மழைமானிக்குக் கிழக்கே 11 மீட்டரில் நிற்கும் செம்பனை இப்போது 8 மீட்டர் உயரம். தடை எதுவானாலும், மானியின் வாயை மிஞ்சிய அதன் உயரத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருப்பதால் இங்கே 15.4 மீட்டர் தேவை. செம்பனைத் தண்டு ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளரும். அப்படியென்றால் தேவைப்படும் வெட்டவெளி ஆண்டுக்கு ஒரு மீட்டர் கூடிக்கொண்டே போகிறது. மானி நகராமல், யாரும் தவறு செய்யாமல், எண் மெல்லக் குறைகிறது. வானிலை மாறியதா, மரம் வளர்ந்ததா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மானியை உடனே பிடுங்கி வேறிடத்தில் நடுவதும் தவறு. பழைய பதிவு அங்கேயே அறுந்துவிடும். ஸ்டோரில் உதிரியாகக் கிடந்த இன்னொரு 5 அங்குல மானியை எடுத்து, முதலில் நீர் ஊற்றிச் சோதித்தார்கள். புனல் ஒட்டில் ஒரு கசிவு, ஈயம் வைத்து அடைத்தாயிற்று. இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் திடல் ஓரத்தில், எல்லா மரத்துக்கும் 20 மீட்டருக்கு மேல் தள்ளி, குழி தோண்டினார்கள். வாய்விளிம்பில் நீர்மட்டக் கருவியை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் சரிபார்த்து மண்ணை இடித்தார்கள். சுற்றிலும் புல்லைக் குட்டையாக வெட்டியாயிற்று. கட்டாந்தரையாக விட்டால் மழைத்துளி தெறித்து உள்ளே விழும். மாடு வராமல் இருக்கக் கம்பி வேலி. பலகை வேலி கூடாது, காற்றைத் திருப்பிவிடும்.

அக்டோபர் 13, திங்கள். பீடோங்

விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு மழை, இடி இல்லாமல், ஒரு மணி நேரம். ஆறு மணிக்குத் தெளிந்த வானம். ஐந்து நாளில் முதல் முறையாக ஜெராய் உச்சிவரை தெரிந்தது. பேருந்து ஒன்பதே முக்காலுக்கு.

இடியப்பம், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை: 3 வெள்ளி. முறுக்கு அக்காவிடம் இரண்டு டப்பா. இம்முறையும் விளிம்பில் செலோடேப் ஒட்டிக் கொடுத்தார்.

எட்டு மணிக்கு இரண்டு மானியும் படிக்கப்பட்டன. பழையது 12.3, புதியது 13.1. ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறைந்தது ஓராண்டு இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வேறுபாடு எவ்வளவு என்று சொல்லலாம் என்கிறார் கிராணியார். பழைய எண் வழக்கமான கட்டத்தில் போனது. புதிய எண்ணுக்குப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அதன் தலையில் எழுதினார்: “இரண்டாம் மானி. 12.10 மாலை நட்டது. பழைய இடத்துக்குத் தெற்கே 43 காலடி வைத்துப் பார்த்தது, மீட்டரில் மறுபடி அளக்க வேண்டும்.”

பிறகு நாடாவைத் தேடிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.